வழிமொழிந்தவர்: திரு. அ. செபமாலை

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டு ஊர்ச் செபமாலைக்கு ஐஸ் தொழிற்சாலையில் கட்டி தூக்குகிற வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. ஊருக்குள் அவர் பெயரெடுத்தது குரலால். கோயிலில் பிரார்த்தனை நடக்கும்போது முன்னால் முழந்தாளில் இருப்பவர் மாதாவின் திருநாமங்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்வார். பின்னாலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சனம் பதில் சொல்லும். அந்தச் சனத்தின் சத்தத்தில் முக்கால்வாசி செபமாலையுடையது. ஏழு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, முன்னால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லாமல் போயிற்று. சொல்பவரின் குரல் கடைசியில் ஒரு இறக்கம் இறங்கினால் போதும். நித்திரையில் இருந்தாலும் வாய் தன்பாட்டில் பதிலைச் சொல்லிவிடும்.

இந்தத் திறமைதான் அவரைத் தொழிற்சங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சங்கத்தின் பெயர் 'மன்னார்த் தீவு மற்றும் பெருநிலக் கரையோரச் சகல தொழிலாளர் உரிமைப் பாதுகாப்பு ஐக்கியப் பேரவை'. பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்தான் பொதுச் செயலாளர் ஆகலாம் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் றெனால்ட் என்ற ஒருவரைத் தவிர வேறு யாராலும் முடியாததால் பதினைந்து வருடமாக அவரே பொதுச் செயலாளர். தலைவர் நவரத்தினம். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஓய்வூதியத்தின் அருமை என்னைவிட ஆருக்குத் தெரியும்? நான் அதை மாதா மாதம் எடுக்கிறவன்" என்பது அவருடைய புகழ்பெற்ற வசனம். ஓய்வூதியம் இல்லாத தொழிலாளர்கள் அதற்குப் பலத்த கரகோசம் செய்வார்கள்.

ஒரு தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழிய ஆளுக்குப் பஞ்சமில்லை. வழிமொழியத்தான் ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் அதற்கு முன்மொழிந்ததைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர், செபமாலை கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே, தலைவர் நீட்டி முழக்கி "...என இச்சபை தீர்மானிக்கின்றது" என்று குரலை இறக்கினார். இரண்டாம் வரிசையில் அரைக்கண் மூடியிருந்த செபமாலை "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கணீரென்று சொல்லிவிட்டார். சபை திகைத்தது. றெனால்ட் திகைக்கவில்லை. 'திரு. அ. செபமாலை அவர்கள் இறையாசி கோரி வழிமொழிந்தார்' என்று கூட்டக் குறிப்பில் எழுதினார். அடுத்த கூட்டத்திலிருந்து செபமாலைக்குக் கைப்பிடி வைத்த கதிரை கிடைத்தது. சாதாரண அங்கத்தவர்களுக்குக் கைப்பிடி இல்லாத கதிரைதான். அந்தக் கைப்பிடிக்காக அவர் "வழிமொழிகிறேன்" என்ற சொல்லை வாய்க்குப் பழக்கிக்கொண்டார். அன்றிலிருந்து பேரவையில் ஒன்றே ஒன்றைத் தவிர அவர் வழிமொழியாத தீர்மானம் கிடையாது.

கூட்டம் மாதத்தின் முதலாம் சனிக்கிழமை. காலமான தோழர்களுக்காக மௌன அஞ்சலியுடன் தொடங்கும். தோழருக்கு அரை நிமிடம் என்று ஆரம்பகாலத்தில் யாரோ நிர்ணயித்துவிட்டார்கள். பெயர்கள் கூடிக்கொண்டு போனதே தவிர ஒன்றும் வெட்டப்படவில்லை. இப்போது மௌனம் பதினொரு நிமிடம். நின்றபடி தூங்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பிறகு சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும். சென்ற கூட்டத்தில் பெரும்பாலும் அதற்கு முந்திய கூட்டத்தின் குறிப்பை வாசித்திருப்பார்கள், ஆகவே அதுவும் வாசிக்கப்படும். அதற்குள் பத்தரை மணியாகிவிடும். பூமணி தேநீர்த் தட்டத்தோடு வருவார்.

பூமணி கட்டுக்கரைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் பாலம் தாண்டி வருகிறவர். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பேரவை கந்தோர் திறந்த அன்று, "அக்கா, ஒருக்காக் கூட்டி விடுங்கோ" என்று றெனால்ட் கேட்டார். கூட்டி விட்டார். நாளைக்கும் வரச் சொன்னார்கள். வந்தார். அந்த நாளை பதினைந்து வருடமாக நீண்டுவிட்டது. காலை எட்டு மணிக்குக் கந்தோரைத் திறந்து, கூட்டி, துடைத்து, பதாகைகளைக் கழுவிக் காயப்போட்டு, வாசல் நிழலில் வந்து படுக்கிற கழுதைகளைக் கலைத்து, வருகிற போகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றி, நாலரைக்குப் பூட்டிக்கொண்டு போவார். மாத முடிவில் அவர் கையில் ஒரு கடித உறை வைக்கப்படும். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. 'அன்பளிப்பு' என்று உறையின் மேலேயே எழுதியிருக்கும்.

ஒவ்வொரு கூட்டத்தின் கடைசித் தீர்மானமும் ஒன்றே: 'தேநீர் வழங்கிய பூமணிக்கு இச்சபை நன்றி நவில்கின்றது.' வழிமொழிந்தவர் திரு. அ. செபமாலை.

அந்த ஒன்று, அவர் வழிமொழியாமல் தானாகவே முன்மொழிந்த தீர்மானம். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் அது நடந்தது. அதற்கு முதல் வருடம் டொக்ரர் ஏதோ சொன்னார் என்று செபமாலையின் மனைவி றஞ்சிதம் சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில்தான் இல்லை, கூட்டத்திலாவது ஒரு இனிப்புத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று வந்தால், பூமணி தருகிற தேநீர் வெறும் சாயத்தண்ணியாக இருந்தது. ஒரு மாதம் பொறுத்தார். ஆறு மாதம் பொறுத்தார். ஏழாம் மாதம் எழுந்து நின்றார்.

"தலைவர் ஐயா, தேத்தண்ணி சப்பெண்டு கிடக்கு. சங்கம் சீனிக்குக் காசு குடுக்குது. சீனி கோப்பைக்குள்ள இல்லை. அப்ப அது எங்க போகுது எண்டு ஒருக்காப் பாக்க வேணும்."

பக்கத்திலிருந்தவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சரியாத்தானே கிடக்கு?" என்றார்கள். றெனால்ட் கையை உயர்த்தினார். "தோழர்களே, ஒரு தொழிலாளிக்கு இழைக்கப்படும் அநீதி அனைத்துத் தொழிலாளருக்கும் இழைக்கப்படும் அநீதி!" அதற்கு மேல் யாரால் பேச முடியும்? நாலு நிமிடத்தில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பேரவையின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் நிறைவேறியதில்லை. அன்றே பூமணியிடம் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது, அதன் பிரதி குறிப்புப் புத்தகத்திலும் ஏறியது. பேரவை அவரைத் 'திருமதி' என்று எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பூமணி கடிதத்தை வாசித்தார். செபமாலையை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோப்பைகளைப் பொறுக்கினார். அடுத்த மாதமும் தேநீர் அப்படியேதான் இருந்தது. நெஞ்சழுத்தக்காரி என்று செபமாலை நினைத்துக்கொண்டார்.

ஓய்வூதிய விவாதம் தொடங்கியது அதற்குப் பிறகு. நண்டு உடைக்கிற பெண்கள், உப்பளத்தில் நிற்பவர்கள், ஐஸ் கட்டி தூக்குபவர்கள், கடற்கரை வாடிகளில் மீன் காயவிடுபவர்கள் எல்லாருக்கும் வயது போன காலத்தில் ஒரு ஓய்வூதியம் வேண்டும், நிரந்தர நியமனக் கடிதம் வேண்டும் என்று பேரவை கோரப்போகிறது. நியாயமான கோரிக்கை. அதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் தலைவர், "முதலில் தொழிலாளி என்பவர் யார் என்று வரைவிலக்கணப்படுத்த வேண்டும்" என்றார். அதற்கு ஒரு உபகுழு. "ஓய்வு என்றால் என்ன?" என்றார் றெனால்ட். அதற்கு இன்னொரு உபகுழு. ஓய்வை அனுபவரீதியாக ஆராய்வதற்கு அந்த உபகுழு மூன்று நாள் நுவரெலியாவுக்குப் போய், குளிர் என்பதால் ஆய்வு முற்றுப்பெறவில்லை என்று திரும்பி வந்தது. எல்லாவற்றையும் செபமாலை வழிமொழிந்தார்.

முதலாவது உபகுழு இரண்டரை வருடத்தில் வேலையை முடித்தது. அறிக்கையை றெனால்ட் எழுந்து வாசித்தார். "தொழிலாளி எனப்படுபவர், இன்னொருவர் குறித்த நேரத்துக்கு வந்து, இன்னொருவர் ஏவிய வேலையைச் செய்து, இன்னொருவர் விட்ட பின்னர் வீடு செல்பவர் ஆவார். அவருக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் முதுமையில் ஓய்வூதியமும் மறுக்கப்படுவது மனிதகுலத்துக்கே இழுக்கு!"

கரகோசம் அடங்கியபோது பூமணி தட்டத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நின்றவர் உள்ளே வர மறந்துவிட்டார். தேநீர் ஆறிப்போய் வந்ததாக அன்றைய குறிப்பில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து செபமாலை சைக்கிளை எடுக்கும்போது பூமணி பின்னால் வந்தார்.

"அண்ணை, உந்த அறிக்கையில சொன்னது நான்தானே?"

"எது?"

"நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்து, விட்டாப்பிறகு போற ஆள். வாற ஆவணியோட எனக்கு அறுபது. முழங்கால் ரெண்டும் ஏலாது. என்ர மனுசனும் இல்லை, பிள்ளையளுக்கும் தங்கட பாடு. என்னை வேலைக்கு எடுத்தது எண்டு ஒரு கடிதமும் வேலை தாறவை மாதா மாதம் கட்டுற அந்தச் சேமலாப நிதியும் தந்தாக் காணும், வேறொண்டும் வேண்டாம். நான் அங்கத்தவர் இல்லையாம், சபையில கதைக்க ஏலாதாம். நீங்கள் ஒருக்கா முன்மொழியுங்கோவன்."

"நான் வழிமொழியிற ஆளெல்லே, பூமணி."

"உங்கட குரலுக்கு ஆர் மறுக்கப்போயினம்? ஒருக்கா எழும்பி என்ர பேரைச் சொன்னாக் காணும், அண்ணை."

குரலைப் புகழ்ந்தால் செபமாலைக்குக் கால் நிலத்தில் நிற்காது. "ஓம். அடுத்த கூட்டத்தில எழும்புறன். என்ர மாதா சத்தியமா எழும்புறன்" என்றார்.

ஒரு மாதம் முழுவதும் ஐஸ் கட்டிகளுக்கு முன்னால் நின்று 'முன்மொழிகிறேன்' என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் நாக்குக்குப் புதிதாக இருந்தது. கூட்ட நாள் காலையில் மேசைக்குப் போய்த் தலைவரின் காதில் விசயத்தைப் போட்டார். திடீரென்று எழும்பினால் மரியாதையில்லை என்று நினைத்தார். அது பிழை என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் விழிப்போடு செய்த பிழை அது ஒன்றுதான். மற்றதை வாய் செய்தது.

'வேறு விடயங்கள்' வந்தபோது செபமாலை எழும்ப முதலே தலைவர் எழும்பிவிட்டார்.

"தோழர்களே, எங்கள் பூமணியைப் பற்றி ஒரு கதை எழும்பியிருக்கின்றது. பூமணி யார்? எங்கள் குடும்பம்! குடும்பத்தில் தேத்தண்ணி ஊத்துகிறவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்கிறதா? என்னுடைய மனிசிக்கு நான் கொடுத்ததா? நாற்பது வருடம் ஊத்துகிறா. ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவும் விட்டதில்லை."

கரகோசம். அடுத்து றெனால்ட். "இது கோட்பாட்டுப் பிரச்சினை, தோழர்களே. பூமணியைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டால், அவரை வேலைக்கு வைத்திருக்கும் நாங்கள் யார்? முதலாளி! முதலாளிகளை எதிர்ப்பதற்காகப் பிறந்த பேரவை தானே ஒரு முதலாளியாவதா? எங்களுடைய பரிசுத்தத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பூமணி தொழிலாளியாக இருக்க முடியாது. அது அவருடைய தியாகம். அவருக்கு அது விளங்கும்."

செபமாலைக்குத் தலை சுற்றியது. இதில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. எழும்பத்தான் போனார். கைப்பிடியில் கையை ஊன்றிவிட்டார். அதற்குள் தலைவர் தாளைக் கையில் எடுத்து, கோயிலில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசிக்கத் தொடங்கினார். "பூமணி ஊழியர் அல்லர் எனவும், அன்பினால் தொண்டாற்றும் தொண்டர் எனவும், அவரது கோரிக்கை ஏற்புடையதன்று எனவும், அவருக்குத் 'தேநீர்த் திலகம்' என்னும் பட்டமும் பொன்னாடையும் வழங்குவதெனவும் இச்சபை தீர்மானிக்கின்றது..."

குரல் இறங்கியது.

"வழிமொழிகிறேன்" என்றது செபமாலையின் வாய்.

மண்டபமே அதிர்ந்தது. அவ்வளவு நல்ல குரல். சொன்ன பிறகுதான் சொன்னது யார் என்று அவருக்கே தெரிந்தது. கதவடியில் தட்டத்தோடு பூமணி. வரிசையாக வந்து எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார். செபமாலைக்கும் கொடுத்தார். கடைசியில் 'தேநீர் வழங்கிய பூமணிக்கு நன்றி' என்ற வழமையான தீர்மானம் வந்தது. எல்லாரும் செபமாலையைப் பார்த்தார்கள். அதையும் அவர்தான் வழிமொழிய வேண்டியிருந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது மடல் எரிந்தது. மனிதன் செத்துப்போகலாம் என்று தோன்றுகிற வெட்கம் அது. ஆனால் செத்தால் மௌனம் இன்னொரு அரை நிமிடம் கூடும், வேறொன்றும் நடக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரார்த்தனை நடந்தபோது சனம் செபமாலையின் குரலுக்காகக் காத்திருந்தது. அவருக்கு வாய் திறக்கவில்லை. சனம் தட்டுத்தடுமாறித் தானே பதில் சொன்னது. தொண்டைக்கட்டு என்று றஞ்சிதம் இஞ்சி அவித்துக் கொடுத்தார். தொண்டைக்கட்டுத்தான் என்று செபமாலையும் ஒத்துக்கொண்டார்.

பட்டமளிப்பு விழா ஆவணியில் நடந்தது, பூமணிக்கு அறுபது வயது நிறைந்த கிழமையிலேயே. எண்பது பேர் வந்திருந்தார்கள். எண்பது பேருக்கும் தேநீர் யார் ஊற்றுவது என்ற கேள்வி எழவே இல்லை. தேநீர்த் திலகமே காலை ஆறு மணிக்கு வந்து அடுப்பை மூட்டினார். ஐந்து பேர் உரையாற்றினார்கள். ஆறாவதாகத் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது பூமணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் சமையல் பக்கத்திலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார். பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"கேத்தில் தண்ணி கொதிச்சிட்டுது" என்றார் பூமணி. "இறக்கி வைச்சிட்டன். இனி ஆரும் போய் ஊத்திக் குடியுங்கோ."

முந்தானையில் முடிந்திருந்த கந்தோர்ப் பூட்டின் திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, பொன்னாடையை மடித்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, பாராட்டுப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அடக்கத்தின் சிகரம் என்று தலைவர் ஒலிவாங்கியில் வர்ணித்தார்.

திங்கட்கிழமை பூமணி போன இடம், தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கிற அரசாங்கத் தொழில் கந்தோர். மூன்று கிழமையில் பேரவைக்கு விசாரணைக் கடிதம் வந்தது. தொழிலாளருக்காக எத்தனையோ தடவை அந்தக் கந்தோருக்குப் படியேறிய பேரவை, தொழிலாளிக்கு எதிராகப் போவது இதுவே முதல் தடவை. அவசரக் கூட்டம் கூட்டி, பதினொரு நிமிட மௌனத்துக்குப் பிறகு, பேரவையின் கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் பதினைந்தையும் சாட்சியாகக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தார்கள். பூமணியை வேலைக்கு எடுத்ததாக ஒரு வரிகூட அவற்றில் இல்லை என்பது றெனால்டின் பெருமை. 'தொண்டர்' தீர்மானத்தை வழிமொழிந்தவர் என்ற முறையில் செபமாலையையும் வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் ஏற்றினார்கள்.

வானுக்குள் செபமாலை மூன்று தடவை தீர்மானித்தார், உண்மையைச் சொல்லிவிடுவதென்று. மூன்று தடவையும் தலைவர் பின்னால் திரும்பி, "செபமாலை, எல்லாம் சரிதானே?" என்றார். மூன்று தடவையும் "ஓம் ஐயா" என்றது வாய். அவருக்குத் தன் வாயின் மேல் அருவருப்பாக இருந்தது. கழற்றி வெளியே வீசக்கூடியதாக இருந்தால் வீசியிருப்பார்.

விசாரித்தவர் கீர்த்திகா என்ற இளம் உத்தியோகத்தர். மேசைக்கு ஒரு பக்கம் பூமணி. மற்றப் பக்கம் பேரவை. பூமணி பாராட்டுப் பத்திரத்தை நீட்டினார்.

"'பதினைந்து ஆண்டுகளாக இடையறாது பணியாற்றிய' எண்டு போட்டுக் கிடக்கு" என்றார் கீர்த்திகா. "இது நீங்கள் குடுத்ததுதானே, ஐயா?"

தலைவர் சிரித்தார். "மிஸ், அது பாராட்டுப் பத்திரம். பாராட்டுப் பத்திரத்தில ஆராவது உண்மை எழுதிறவையோ? போன வருசம் எனக்கும் ஒண்டு தந்தவை, 'வாழும் வள்ளல்' எண்டு. நான் ஆருக்கு என்ன குடுத்தனான்?"

"அது சரி" என்று கீர்த்திகா தலையாட்டினார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "ஒவ்வொரு கூட்டத்திலயும் இவவுக்கு நன்றி சொல்லியிருக்கிறியள்."

"சம்பிரதாயம்" என்றார் றெனால்ட். "நன்றி சொல்வதெல்லாம் மனதால் சொல்வதில்லை. மௌன அஞ்சலிகூட அப்படித்தான். அதை வைத்து உறவை நிலைநாட்ட முடியாது. இவர் தொண்டர். விரும்பினால் வருவார், விரும்பாவிட்டால் இல்லை. எங்கள் கட்டுப்பாட்டுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை."

பூமணி தலையைக் குனிந்தார். கீர்த்திகா ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு போனார். செபமாலை கதிரை நுனிக்கு நகர்ந்தார். இப்போது எழும்ப வேண்டும். இப்போது. அவர் எழும்ப முதலே கீர்த்திகாவின் கை ஒரு பக்கத்தில் நின்றது.

"இதென்ன? 'திருமதி பூமணி அவர்களுக்கு. தேநீரில் சீனி குறைக்கப்படுவதும், குறைக்கப்பட்ட சீனி எங்கு செல்கின்றது என்ற கேள்வியும் சபையின் கவனத்துக்கு வந்துள்ளன. இனிமேலும் இவ்வாறு நிகழின் வேலையிலிருந்து நிறுத்தப்படுவீர் என எச்சரிக்கப்படுகின்றீர்.'" நிமிர்ந்தார். "வேலையில இல்லாத ஆளை வேலையால எப்பிடி ஐயா நிப்பாட்டுறது?"

றெனால்ட் தன் கையெழுத்தைத் தானே எட்டிப் பார்த்தார்.

"புகழ்ந்தது பொய்யாயிருக்கலாம், நன்றி சொன்னது சம்பிரதாயமாயிருக்கலாம்" என்றார் கீர்த்திகா. "தொண்டருக்கு ஆரும் எச்சரிக்கைக் கடிதம் குடுக்கிறேல்ல. முன்மொழிந்தவர் திரு. அ. செபமாலை. அது ஆர்?"

செபமாலை எழும்பினார்.

"இதை முன்மொழிஞ்சது நீங்களோ?"

"ஓம்."

அவ்வளவுதான். வானுக்குள் சேர்த்துவைத்த வசனங்கள் எதுவும் தேவைப்படவில்லை. "இருங்கோ, ஐயா" என்றுவிட்டுக் கீர்த்திகா எழுதத் தொடங்கினார். பேரவை தொழில்தருநர், பூமணி ஊழியர், முதல் நாளிலிருந்து சேமலாப நிதி கட்ட வேண்டும். றெனால்ட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் முதலாளியாப் போனம்" என்றார். வெளியே வந்ததும் தலைவர் செபமாலையிடம், "உன்ர ஒரு கோப்பைத் தேத்தண்ணியால பேரவையின்ர மானம் போச்சு" என்று சொல்லி வான் கதவை இழுத்துச் சாத்தினார். அவரை ஏற்றாமலே வான் போய்விட்டது.

பஸ் நிலையத்தடித் தேநீர்க் கடையில் பூமணி கட்டுக்கரைப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்றார். செபமாலை கிட்டப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். அந்தச் சொல்லையும் பழக்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"வென்றிட்டாய், பூமணி" என்றார்.

"உங்கட கடிதத்தாலதான், அண்ணை" என்றார் பூமணி. குத்திச் சொன்னது போலவும் தெரியவில்லை.

"ஒரு தேத்தண்ணி குடிப்பம். நான் எடுக்கிறன்."

பூமணி கடைக்காரரைப் பார்த்து, "ரெண்டு தேத்தண்ணி. ஒண்டு சீனி இல்லாமல்" என்றார். கோப்பைகள் வந்தன. சீனி இல்லாததைச் செபமாலையின் கையில் கொடுத்துவிட்டு மற்றதைத் தான் எடுத்துக்கொண்டார். செபமாலை ஒரு வாய் குடித்தார். தெரிந்த ருசி. நாலைந்து வருடமாக மாதா மாதம் கைப்பிடிக் கதிரையில் இருந்து குடித்த அதே சப்பென்ற தேநீர்.

"உனக்கு எப்பிடி..."

"றஞ்சிதம் அக்கா சொன்னவ. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில கண்டனான். 'இவருக்குச் சீனி வருத்தம், கூட்டத்தில இனிப்பாக் குடிச்சிட்டு வந்திடுவார், பாத்துக்கொள்ளுங்கோ' எண்டா. அதுதான் உங்கட கோப்பைக்கு மட்டும் போடுறேல்ல."

"அப்ப அண்டைக்கு அந்தக் கடிதம் தந்த நேரம் ஏன் சொல்லேல்ல? உன்னைக் கள்ளியெண்டெல்லோ நான்..."

"எப்பிடி அண்ணை சபையில சொல்லுறது? ஆருக்கும் சொல்லக் கூடாதெண்டு அக்கா என்ர கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவ. வருத்தக்காரனெண்டு அறிஞ்சா ஐஸ் ஃபக்ரரியால நிப்பாட்டிப்போடுவாங்கள் எண்டு. உங்கட வேலை போயிடுமெல்லே."

பஸ் வந்தது. பூமணி வெறுங்கோப்பையை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினார். படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஆற முதல் குடியுங்கோ, அண்ணை."

பஸ் பாலத்துப் பக்கம் திரும்பி மறையும்வரை செபமாலை நின்றார். பிறகு அந்தத் தேநீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல், இரண்டு கோப்பையையும் தானே கழுவி வைத்தார்.